சிங்கராசா போட்ட இரண்டு குளிசை

நானாட்டான்,
22.09.2013

அன்பு மகள் கிருஷாந்தினிக்கு,

அந்தோனியார் துணையால் அந்தக் குளிருக்குள்ளும் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். இங்கு நானும் அம்மாவும் தங்கச்சி டிலோஜினியும் சுகம். சுகமில்லாமல் கிடப்பது பக்கத்து வளவுச் சிங்கராசா, அதற்குக் காரணம் நாங்கள். இந்தக் கதையைப் போனில் எடுத்தாலே வேலைக்கு நேரமாகிறது என்று நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். குளிசையால் என் கை நடுங்குவது உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுகிறாள், சொன்னதை மட்டும் எழுது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (அக்கா, சொன்னதை மட்டும்தான் எழுதுவேன். யார் சொன்னதை என்று அப்பா சொல்லவில்லை.)

இடம்பெயர்ந்திருந்த முகாமில் எனக்கு அந்தக் குரல்கள் கேட்கத் தொடங்கியதிலிருந்து மாதம் ஒருமுறை நான் போவது எந்தக் கிளினிக் என்று நம் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. பிரஷர் கிளினிக் என்றுதான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தோம். உன் கலியாண எழுத்துப் பதிவு முடியும்வரை அப்படியே இருக்கட்டும் என்று நீயும் கேட்டாய், நானும் ஓம் என்றேன். (அப்பாவுக்குப் பிரஷரே இல்லை. அதை மறைத்த எங்களுக்குத்தான் பிரஷர்.) போன கிழமை சிங்கராசா புழுதி உழவு ஓட்டத்தில் தன் பிரஷர் கிளினிக்கைத் தவறவிட்டுவிட்டான். விடிய அவன் மனுசி வசந்தமலர் வந்து, அண்ணையின்ர பிரஷர் குளிசையில ரெண்டு தாங்கோ அக்கா, இவருக்குத் தலை சுத்துதாம் என்று கேட்டிருக்கிறாள். ஊரில் சீனி, தேயிலை போலக் குளிசையும் மாறிக்கொள்வதுதானே. அம்மா என் குளிசைப் பேணியைக் கையில் வைத்தபடி நின்றாளாம். இல்லை என்றால் ஏன் என்ற கேள்வி வரும், உன் கலியாணம் கண்ணுக்கு முன் நின்றது, இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வர, முகம் வெளிறிப்போய்ச் சொன்னாள். நான் வயலுக்கு ஓடினேன் பிள்ளை, செருப்பும் இல்லாமல். போய்ச் சேர முதலே ட்ராக்டர் காய்ந்த வாய்க்காலுக்குள் சரிந்து கிடந்தது, சிங்கராசா கீழே கிடந்தான், ட்ராக்டரின் பின்சில்லு அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன குளிசை போட்டவர் என்று கேட்க, வசந்தமலர், எமிலியானுஸ் அண்ணையின்ர பிரஷர் குளிசை என்றாள். பிரஷர் குளிசை என்று நினைத்து மருந்து கொடுத்தால் அவனுக்கு என்ன ஆகுமோ. அந்த வாட்டில் ஊர்ச்சனம் பத்துப் பேர் நின்றது. அவர்களுக்கு முன்னால் என் கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டி, இது மனநோய்க் குளிசை, என்ரை என்று சொன்னேன். சிங்கராசா பிழைத்துவிட்டான், காறை எலும்புதான் முறிந்தது. அடுத்த நாள் கண் முழித்து அவன் கேட்டது, அண்ணை, இதைப் போட்டுக்கொண்டோ நீங்கள் இவ்வளவு காலமும் வயல் செய்தனீங்கள், நான் ரெண்டிலயே வாய்க்காலுக்குள்ள போயிட்டன் என்று. வசந்தமலர் இன்னும் அம்மாவோடு கதைப்பதில்லை. அது நியாயம்தான்.

இனிக் கேள் மகள். ஒக்டோபர் 25ஆம் திகதி வெள்ளிக்கிழமை பிரதேச செயலகத்தில் மக்கள் கூட்டம். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிட்டவே கிளினிக் நடக்கிறது, எங்களுக்கு மட்டும் இரண்டு பஸ் ஏறவேண்டும். அடம்பனிலிருந்து மகனைக் கிளினிக்கிற்குக் கூட்டி வரும் பிரான்சிஸ்கா அக்கா போன மாரியில் பஸ் ஓடாமல் ஒரு மாதம் தவறவிட்டு, வருத்தம் கூடிப்போக, பெற்ற மகனை வீட்டுக் கப்புத் தூணில் கட்டிவைத்தார். அதை எனக்குச் சொல்லும்போது தன் மணிக்கட்டைத்தான் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் கிளினிக்கும் மாதம் ஒரு நாள் இங்கே வரவேண்டும் என்று எழுந்து கேட்கப் போகிறேன், என் பெயரைச் சொல்லி, என் வருத்தத்தைச் சொல்லி. உனக்குத் தந்த சொல்லை மீறுகிறேன். அந்தச் சொல்லைக் காக்கப்போய் ஒரு மனிதனைக் கொன்றிருப்போம்.

மாப்பிள்ளை சாந்தரூபனின் தாய் உயிலங்குளத்தில் இருக்கிறார், வாட்டுக் கதை அங்கே போக எவ்வளவு நேரம்? வாற ஞாயிறு பூசை முடிய நானே போய் அவரிடம் சொல்லப் போகிறேன். மாப்பிள்ளையிடம் நீதான் சொல்லவேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த நோவு உனக்கு, அதை என்னால் திருப்பித் தரமுடியாது, அதை நினைத்து இரண்டு நாளாய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (உண்மை அக்கா. இதில் பகிடி இல்லை.)

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஓவர்டைம் என்று உடம்பை முறிக்காதே. கடிதம் கிடைத்ததும் போன் எடு. ஏசவேண்டும் என்றால் நன்றாக ஏசு, தங்கச்சியிடம் சொல்லிவிடாமல் எனக்கே ஏசு. எத்தனையோ குரல்கள் என்னை ஏசியிருக்கின்றன. உன் குரல் என்றால் அது மெய்யான குரல் என்று எனக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருப்பேன்.

கையெழுத்தை மட்டும் நானே வைக்கிறேன்.

உன் அன்பு அப்பா,
ச. எமிலியானுஸ்