ஈஸ்டர் அன்று வாசித்த ஜெபக்குறிப்பு

ஜூஜுவாடி,
27.4.2025

அன்பு மாமாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களும் அத்தையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் ஆளுக்கொரு கத்து கத்திவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் மத்தூரிலிருந்து எங்கள் கம்பெனி பஸ்ஸில் வரும் முனிலட்சுமி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாதியில் கிழிக்காமல் முழுக்கப் படியுங்கள்.

அத்தை என் பையிலிருந்து எடுத்தது கருத்தடை மாத்திரைதான். மெடிக்கல் கடை கங்கப்பன் அத்தையிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதிதான். எனக்கு நான்கு மாதம் மாதவிலக்கு வராது, வந்தால் இருபது நாள் நிற்காது. நமக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது, உங்களுக்கு இது தெரியாதா? ஓசூர் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "கருமுட்டை சரியா வெளிய வரலம்மா. கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுக் கெடக்கு. ஆறு மாசம் இதப் போட்டு ஒழுங்கு பண்ணுவோம். அப்புறம் கொழந்தைக்கு மருந்து தர்றேன்" என்றார்கள். மூன்று மாதம் முடிந்திருந்தது.

உங்களிடம் மறைத்தது என் தப்பு. மாத்திரை அட்டையைப் பார்த்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று பயந்தேன். அத்தை இடித்துக் கொடுத்த மலைவேம்புச் சாற்றையும் முகம் சுளிக்காமல் குடித்தேனே!

அதைப் போய் அத்தை ஈஸ்டர் ஆராதனையில் ஜெபக்குறிப்பாக எழுதிக் கொடுக்கலாமா, மாமா? "மாத்திரை போட்டுக் கர்ப்பத்தை அடைக்கிற சகோதரி எவாஞ்சலின் மனந்திரும்ப ஜெபிப்போம்" என்று பாஸ்டர் மைக்கில் வாசிக்கிறார். சபையே ஆமென் என்கிறது. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீங்களும் சொன்னீர்கள். எங்கள் பஸ்ஸில் வரும் ஐந்து பெண்கள் அந்தச் சபையில் இருந்தார்கள். நான் ஏன் அன்றைக்கே கம்பெனி ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன் என்று இப்போதாவது புரிகிறதா?

ஒரே ஒரு சனிக்கிழமை வாருங்கள். டாக்டரம்மா சொல்வதை உங்கள் காதால் கேளுங்கள். அதற்குப் பிறகும் திட்டத் தோன்றினால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
எவா

மத்தூர்,
4.5.2025

அன்புள்ள எவாஞ்சலினுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். ஆமென் என்றது யோசித்துச் சொன்னதல்ல. எல்லாரும் சொன்னார்கள், வாயில் வந்துவிட்டது.

எங்கள் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சீசன் ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை என்ன, ஞாயிற்றுக்கிழமைக்கே லீவு கிடையாது. அம்மா நீ போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான் யாரு கிட்டப் போயிச் சொல்லுவேன், ஆண்டவர் கிட்டத்தானே சொன்னேன்" என்கிறார்கள். அவர்கள் மனதில் கெட்டது இல்லை, எவா.

அந்த மாத்திரையை நிறுத்திவிடு. மூன்று மாதம் மலைவேம்புச் சாறு, எள்ளுருண்டை, வெந்தயம் மட்டும். என்னோடு வேலை செய்யும் ஜாக்சன் மனைவிக்கு அதில்தான் கரு நின்றது. முனிலட்சுமியிடம் எல்லாம் கொடுத்தனுப்புகிறோம். இதை மட்டும் நீ செய்தால் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். டாக்டரிடமும் வருகிறேன்.

ஆஸ்டின்

ஜூஜுவாடி,
18.5.2025

அன்பு மாமாவுக்கு,

நிறுத்திவிட்டேன். போதுமா?

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "எள்ளு சாப்புடு, வெந்தயம் சாப்புடு, தெனம் நட, ஒடம்பக் கொற. எல்லாம் நல்லதுதான். ஆனா அது மாத்திரைக்குப் பதிலு ஆகாது. யாரக் கேட்டு நிறுத்துன?" என்று திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

சாற்றுப் பாட்டிலை கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி மோந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பூச்சி மருந்தா?" என்கிறார். அந்தக் கசப்புக்கு எங்கள் கேண்டீன் சாம்பாரே தேவாமிர்தமாக இருக்கிறதென்றால் பாருங்கள்! சிரித்தீர்களா? சிரித்திருப்பீர்கள். சீசன் முடிந்ததும் வருவீர்கள்தானே?

உங்கள்
எவா

ஜூஜுவாடி,
20.6.2025

மாமா,

பன்னிரண்டு நாளாக உதிரம் போகிறது. நிற்கவில்லை. கட்டி கட்டியாக வருகிறது. கம்பெனியில் எல்லாரும் நின்று வேலை செய்யும் லைனில் நான் மட்டும் ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து வேலை செய்கிறேன். டாக்டரம்மாவிடம் போனால் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள், உங்களுக்குக் கொடுத்த வார்த்தை போய்விடும். பயமாக இருக்கிறது. எப்படியாவது வாருங்கள்.

எவா

மத்தூர்,
23.6.2025

அன்புள்ள எவாவுக்கு,

பயப்படாதே. அம்மாவிடம் கேட்டேன். "கெட்ட ரத்தமெல்லாம் வெளியேறுது, சாறு வேல செய்யுது" என்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். இப்போது லோடு லோடாகக் காய் இறங்குகிறது, நகர முடியவில்லை. பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன். மறக்காமல் சாப்பிடு.

ஆஸ்டின்

ஜூஜுவாடி,
12.7.2025

ஆஸ்டின் அவர்களுக்கு,

லைனில் விழுந்தது எனக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸும் நினைவில்லை. உடம்பில் ரத்தம் ஐந்து பாயிண்ட்தான் இருந்ததாம். மூன்று பாட்டில் ஏற்றினார்கள். நீங்கள் மூன்றாம் நாள் வந்தீர்கள்.

கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாம் கேட்டேன். கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை. டாக்டரம்மா உங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்கள். அந்த மாத்திரை எதற்கு, நிறுத்தியதால் என்ன ஆயிற்று, பரிசோதனையில் கர்ப்பப்பைச் செல்கள் புற்றுநோய்ப் பக்கம் மாறத் தொடங்கியிருப்பது தெரிகிறது, இனி வேறு ஹார்மோன் மாத்திரை மாதக்கணக்கில் போட வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். எந்த வார்த்தையையெல்லாம் நீங்கள் கேட்க வேண்டும் என்று தவம் கிடந்தேனோ, அதெல்லாம் உங்கள் காதில் விழுந்தது.

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "இனிமே இவளுக்குப் புள்ள நிக்குமா, நிக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். நீங்கள் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டீர்கள். வலிக்கிறதா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், பைத்தியக்காரி.

அத்தை மேல் எனக்குக் கோபம் ஆறிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்துகொள்ள நேரம் இருந்தது.

உங்களுக்குப் பெண் கொடுப்பது பற்றிப் பேச கல்லாவியிலிருந்து பெண் வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்துபோனதாக முனிலட்சுமி சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எதுவானாலும் அவளிடமே கொடுத்தனுப்புங்கள். போட்டு மறுநாள் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

எவாஞ்சலின்