மேல்மண் இரண்டு விரல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பாடு, தூக்கம், உடம்பு எல்லாவற்றையும் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் விஷயத்தைக் கேள். உன் மீன்கள் செத்தது உன்னால் இல்லை. நிரூபித்துவிட்டேனடா!

நீ போன பிறகு குளத்தில் ஒரு மீன் இல்லை, ஒரு பிடி தீவனம் விழவில்லை. ஆனாலும் போன மழைக்குத் தண்ணீர் மறுபடியும் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. நீ தீவனத்தை அள்ளிக் கொட்டித்தான் பாசி பிடித்து மீன்கள் மூச்சுமுட்டிச் செத்தன என்று அண்ணன் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது. அப்போது வயல் மண்ணைச் சோதித்து, பாசிக்குத் தீனியாகும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அளவாகத்தான் இருக்கிறது, வயல்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தானே நீ பெட்டியைக் கட்டினாய்?

பச்சையைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்வெட்டியோடு வயலுக்குப் போனேன். இந்தத் தடவை தோண்டிய மண்ணைக் கலக்காமல், மேல் இரண்டு விரல் மட்டும் தனியாக, அடிமண் தனியாக வெட்டி எடுத்தேன். மண்ணுக்கு ஆபரேஷனா என்று அண்ணன் வரப்பில் நின்று சிரித்தார்.

எங்கள் மண் ஆய்வகச் சோதனையில் மணிச்சத்து கூடக்கூட நிறம் நீலமாகும். அடிமண் குழாயில் நீலம் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. மேல்மண் குழாய் மைப்புட்டி மாதிரி ஆகிவிட்டது. ஆய்வகம் என்பதையும் மறந்து கத்திவிட்டேன். மேலாளர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே நீலம்.

எட்டு வருடமாக அண்ணன் அந்த வயலை உழவே இல்லை. கோழி எருவை மேலாகத் தூவியதோடு சரி. மணிச்சத்து சட்டென்று கீழே இறங்காது, மேல்மண் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதன் பிடிக்கும் ஓர் அளவு உண்டே! நிறைந்த பிறகு மழைத்தண்ணீர் கரைத்துக்கொண்டும், மண்ணோடு அரித்துக்கொண்டும் நேராக உன் குளத்துக்குத்தான் வந்திருக்கிறது. நானோ அன்று வழக்கம்போல ஒரு சாண் ஆழத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்துவிட்டேன். வேருக்கு அந்தக் கணக்கு சரி. மழை மேலேதானே ஓடும்? ஒரு கரண்டி உப்பை அண்டாத் தண்ணீரில் கரைத்துவிட்டு உப்பே இல்லை என்று சாதித்திருக்கிறேன். படித்த முட்டாள். என்னை மன்னித்துவிடு.

இரண்டு குழாய்களையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் அண்ணன் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீலக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் குளக்கரை ஓரம் இருந்த எருக்குவியல் காணாமல் போயிருந்தது. இப்போது வயலுக்கும் குளத்துக்கும் நடுவே பத்தடி அகலத்துக்குப் புல் வளர்க்கிறார். மேல்மண் அடியில் போகும்படி ஒருமுறை ஆழ உழப்போகிறாராம். குளம் உடனே தெளியாது என்பதையும் சொல்லிவிட்டேன். எரு போடாமல் சில வருடம் போனால்தான் அந்த மண்ணின் பாரம் குறையும். அதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வழிமறித்துச் சொன்னார்: "அவனுக்கு எழுதினா, வலையை எங்க வச்சான்னு கேளு. எலி கடிச்சிடப் போகுது."

உன் மீன்வலை எங்கேயும் போகவில்லை. கதவுக்குப் பின்னால், அவர் தினமும் சட்டை மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, நன்றாகத் தூங்குகிறாயா, உடம்பு எப்படி இருக்கிறது? நல்லாயிரு. வலை எங்கே இருக்கிறது என்று நீயே நேரில் வந்து அவருக்குக் காட்டு.

உன் வரவை எண்ணி வாசலைப் பார்க்கும்,
அக்கா