நடுவில் ஒரு காலி வரிசை

அன்புமிக்க என் வீட்டுக்காரருக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் வாஷரை மாற்றினாரா, பழையதையே துடைத்து மாட்டினாரா என்று எனக்குச் சந்தேகம். உனக்கு எதில்தான் சந்தேகமில்லை என்பீர்கள்.

ஆய்வகத்தில் நீங்கள் விட்டுப்போன குட்டிப் புரதம் என் தலையில் விழுந்திருக்கிறது. செல்லுக்கு வெளியே வேலை பார்க்கும் ஒரு பெரிய புரதத்தின் சின்னத் துண்டு. அதில் ஆறு சிஸ்டீன் அமினோ அமிலங்கள். அவை இரண்டிரண்டாகக் கைகோத்து மூன்று பிணைப்புப் போட்டால்தான் துண்டு சரியாக மடியும். ஜெல்லில் ஏற்றி மின்சாரம் விட்டால் மடிந்தது வேகமாகக் கீழே ஓடும். அந்த அழுகல் நாற்ற மருந்தை விட்டுப் பிணைப்பை அறுத்தால் பின்தங்கும். உங்கள் கட்டுரைப் படத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் ஏழு முறை செய்துவிட்டேன். எனக்கு இரண்டும் ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன.

முதலில் பழைய மருந்தைத் தள்ளிவிட்டார் என்று ஸ்டோர்காரரைச் சந்தேகித்தேன். பிறகு பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரியை. மருந்து விடாத என் டியூபிலும் அந்த நாற்றம் அடித்தது. இவள்தான் கலந்துவிட்டாள் என்று ப்ரொபசரிடம் போய்ச் சொல்லியும் விட்டேன். "நான் உங்க டியூபைத் தொடவே இல்லக்கா" என்று அவள் அழுதாள். மாதக் கடைசியில் அவளை வேலையிலிருந்து அனுப்பப் போகிறார்கள். நாற்றம் என் கையுறையில் இருந்தது என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சொல்லியும், உங்கள் படத்தில் வந்தது இங்கே வராததற்கு அவள்தான் காரணம் என்று ப்ரொபசர் அசையவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று உங்கள் படத்தை மறுபடி பார்த்தேன். மருந்து விட்டதும் விடாததும் அடுத்தடுத்த வரிசைகளில் ஒட்டியே நிற்கின்றன. "நடுவுல ஒரு வரிசை காலியா விடு, இல்லேன்னா மருந்து பக்கத்து வீட்டுக்கும் போயிடும்" என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். இடம் போதாமல் காலி வரிசையை வெட்டியிருப்பீர்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். மனம் கேட்கவில்லை. உங்கள் பழைய நோட்டை எடுத்தேன். காய்ந்த ஜெல்லையே ஒட்டி, மேலே "கட்டுரைக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து விட்ட வரிசையில் படத்தில் உள்ள அதே கீறல்; அதே ஜெல்தான். பக்கத்தில் காலி வரிசை. அதற்கு அடுத்து, மருந்து விடாதது, அதே உயரத்தில். ஆக, பிணைப்பு அன்றைக்கும் விழவில்லை. படத்தில் கீழே ஓடியிருப்பது எங்கிருந்து வந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், நோட்டை மறந்துவிட்டீர்களே.

உங்களுக்கு அங்கே வேலை கிடைத்ததே அந்தப் படத்தால்தான். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் இருபத்தைந்தாம் தேதிக்குள் ப்ரொபசருக்கு நீங்களே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நோட்டோடு நான் போவேன். அந்தப் பெண் போகக் கூடாது.

போன் மட்டும் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன்.

பல் பத்திரமாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பக்கத்திலேயே இருக்க ஆசைப்படும்,
உங்கள் சந்தேகக்காரி