மொட்டை மாடியில் வெயில்

பிப்ரவரி 3, செவ்வாய்

வைட்டமின் டி சரியாக இருந்திருந்தால் நிவேதாவின் கால் எலும்பில் விரிசல் வந்திருக்காதா? தெரியவில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஒரே ஒரு பெண்ணின் ஒரே ஒரு காலை வைத்து, அது என் மகளின் காலே ஆனாலும், பதில் சொல்ல முடியாது.

நேற்றுச் சிதம்பரத்தில் எலும்பு டாக்டர்: "வைட்டமின் டி ரொம்பக் கம்மி. அதுவும் காரணமா இருக்கலாம். ஆனா கல்லுத் தரையில தெனம் மணிக்கணக்கா காலைத் தட்டுனா? ரெண்டையும் பாருங்க. இப்போதைக்கு ஆடவே கூடாது."

15ஆம் தேதி, சிவராத்திரிக்கு, அதே சிதம்பரத்தில் அவளுக்கு நடன மேடை. திரும்பும்போது பேருந்து புவனகிரி தாண்டியது. நிவேதா, "அன்னைக்கு ஒருநாள் மட்டும் ஆடிக்கிறேம்மா."

வாயை மூடு என்றேன். வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

பிப். 4, புதன்

பனி. மஞ்சக்குப்பம் மைதானத்தின் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. மருந்துக் கடையில் வைட்டமின் டி பவுடர். கரண்ட் பில். மாவு.

மாலை நடன வகுப்பு. ரிப்போர்ட்டைப் படித்த மிஸ் முகத்தில் அப்படியொரு நிம்மதி!

"பாத்தீங்களா மேடம், வைட்டமின்தான். எங்க தரையைச் சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

தரையையும் சொன்னார் என்றேன். காதில் விழவில்லை. தீபாவளிக்குப் போட்ட கிரானைட். வீடியோவில் பளபளவென்று தெரியுமாம்.

வெயிலில் போகாதே என்றதும் இவர்தான். "கறுத்துட்டா மேடையில எடுபடாது." நிவேதா ஸ்கூட்டரில் கையுறை, முழுக்கை, முகம் மூடிய துப்பட்டாவோடு போனது அதனால்தான்.

நிவேதாவோடு ஆடும் கீர்த்தனாவின் அம்மா: "அந்தப் பவுடர் பேர எனக்கும் எழுதிக் குடுங்க மேடம்."

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? வைட்டமின்தானே. ஜாஸ்தியானா இன்னா ஆயிடப்போவுது?"

ஆகும். சொன்னேன். சிரித்தார்.

பிப். 6, வெள்ளி

கோபம் தணியவில்லை. மிஸ்ஸுக்கு போன். தரையில் கனமான ரப்பர் விரிப்பாவது போடுங்கள், மற்ற பெண்களுக்கும் கால் இருக்கிறது என்றேன்.

"விரிப்பு போட்டா சத்தம் வராது மேடம். சத்தம் வரலைன்னா அது இன்னா அடவு? உங்களுக்கு வெயில்தானே வேணும்? ஏற்பாடு பண்ணிட்டேன். நாளைக்கு நிவேதாவ கூட்டிட்டு வாங்க, சும்மா உக்காந்து பாக்கட்டும்."

என்ன ஏற்பாடு?

பிப். 7, சனி

ஏற்பாடு: வகுப்பு மொட்டை மாடியில். காலை ஆறரைக்கு. ஏனென்றால் வெயில் ஏறினால் கறுத்துவிடுவார்கள்! எங்கும் பனி. சூரியனே இல்லை. பெண்கள் எல்லோரும் முழுக்கை, துப்பட்டா. காலுக்குக் கீழே கான்கிரீட்.

"இப்ப திருப்தியா மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ்ஸின் தட்டுக்கழி தாளம் போட ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்திருந்த நிவேதா எழுந்து வரிசையில் தன் இடத்துக்குப் போனாள். நடு இடம். நாலு தட்டு. நின்றுவிட்டாள்.

"மிஸ், வலிக்குது."

"பல்லக் கடிச்சிக்கடி. பதினஞ்சு வரைக்கும்தானே."

"அவ ஆட மாட்டா" என்றேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்திய பெண் திரும்பிப் பார்த்தாள். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

மிஸ் கழியால் கீர்த்தனாவுக்கு நடு இடத்தைக் காட்டினார். கீர்த்தனாவின் அம்மா என்னைப் பார்க்கவில்லை.

நிவேதா சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். தலைக்கு மேல் தட்டும் சத்தம். கீழே வந்ததும் அழுதாள். சிதம்பரம் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தோம். எட்டரைக்கு வெயில் வந்தது.