சுஷீலாவின் ஆடு

24 ஜூன் 2000, சனி

இன்றும் கோவில் கொட்டகையைத் திறந்து டீ போட்டேன். துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்ட்டைப் பிடித்து நம் ஜனத்தைத் துரத்த ஆரம்பித்த நாளிலிருந்து, இந்தத் தீவில், எங்கள் லோவு ஊரில் யாருக்கும் தூக்கமில்லை. யாரும் வரலாம், மனசில் இருப்பதைக் கொட்டலாம். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான். ஆரம்பித்து வைத்தவர் கன்னையா வாத்தியார்.

மலைப்பக்கத்திலிருந்து ஓடிவந்த சுஷீலா இன்றுதான் வாய் திறந்தாள். வீட்டுக்குள் புகுந்தவர்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டை வெட்டி, அவளையே மசாலா அரைக்கச் சொன்னார்களாம். "அரைச்சுக் குடுத்தேன் அக்கா. கைகூட நடுங்கல. அதான் தாங்க முடியல."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷர்.

1 ஜூலை

மழை. பதினோரு பேர். டீத்தூள் தீர்ந்தது.

18 ஜூலை, செவ்வாய்

சீ!

ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் கேட்டு வாத்தியார் எழுதிய வாக்குமூலம், நான் வேலை பார்க்கும் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்க என் மேஜைக்கே வந்தது. நேர்ந்த ஆட்டை வெட்டினார்களாம், இவர் மனைவியை மசாலா அரைக்க வைத்தார்களாம். முட்டைகூட வாங்காத வீடு அது! எந்த ஆடு? எந்த மசாலா? இவர் ஜன்னலில் ஒரு கல்கூட விழவில்லை.

மதியம் அவர் ஆபீசுக்கு வந்தபோது கேட்டேன். "யாருக்கு நடந்தா என்ன தங்கச்சி, நம்ம ஜனத்துக்கு நடந்ததுதானே?" என்றார். அன்றைக்குத் துடைத்த கண்ணீர் இதற்குத்தானா?

நான் மட்டும் என்ன கிழித்தேன்? வேலை போய்விடும் என்று பயந்து, பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். தூ.

11 நவம்பர்

வாத்தியார் கிளம்பிவிட்டார். மாலை போட்டு வழியனுப்பினார்களாம். நான் போகவில்லை.

20 நவம்பர், திங்கள்

சுஷீலாவும் மனுப் போட வந்தாள். வக்கீல் இரண்டு வரி படித்தார். "இது அந்த வாத்தியார் கதையாச்சே. மறுபடி அனுப்பினா யாரும் நம்ப மாட்டாங்க. வேற ஏதாவது நடந்திருந்தா எழுதிட்டு வரச் சொல்லு" என்றார் என்னிடம்.

வேற ஏதாவது! கடையில் புடவை மாற்றுவது மாதிரி.

வெளியே பெஞ்சில் இருந்தவளிடம் எல்லாம் சொன்னேன். டைப் அடித்தது நான்தான் என்பதையும்.

"அந்த ஆட்டையாவது எனக்கு விட்டிருக்கலாம்" என்றாள்.

21 நவம்பர்

கொட்டகையில் பேசியதை வெளியே சொல்லலாமா என்று காலையில் அவளைக் கேட்டேன். "எழுதுக்கா" என்றாள். சுஷீலா சொன்னதை நான் கேட்ட தேதி, வாத்தியார் கூடவே உட்கார்ந்து கேட்டது, பிறகு நான் அடித்தது, எல்லாம் ஒரு பக்கம். கீழே என் கையெழுத்து.

வக்கீல் படித்துவிட்டுக் கதவைக் காட்டினார். குடையை எடுத்துக்கொண்டேன்.

அவள் மனுவோடு என் பக்கத்தையும் ஒரே உறையில் வைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப, சுஷீலாவும் நானும் தபாலாபீஸ் வரிசையில் நின்றோம். முத்திரை குத்தும் வரை அவள் என் முழங்கையை விடவில்லை.