ஒரு மணி நேரம் நடக்க விடமாட்டேங்கிறாங்க மச்சான்

ஆசை மச்சானுக்கு,

மேலே போன இடத்துல நீ நிம்மதியா இருப்பே. ஒன்னை அங்கே யாரும் நடக்கச் சொல்லப் போறதில்லை. ஒனக்கு வந்த அதே சர்க்கரை இப்ப எனக்கும் இருக்குன்னு கீரனூர் டாக்டர் சொல்லிட்டார். மாத்திரையை எழுதிக் கொடுத்துட்டு, தினமும் ஒரு மணி நேரம் நடந்தே ஆகணும்னு கண்டிப்பு வேற.

எப்ப நடக்குறது? காலையில பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம், குன்றாண்டார்கோவில் யூனியன் ஆபீஸ்ல பொழுது சாயுற வரைக்கும் ஃபைல், வீடு வந்தா இருட்டு. ஒன் நாற்காலிக்கு இன்னும் ஆள் போடலை. ஒன் வேலையையும் நான்தான் பாக்குறேன், தெரியுமா?

சரி, ஆபீசுக்கு மூணு மைல் முன்னாடியே இறங்கி நடப்போம்னு முடிவு பண்ணேன். நம்ம சனங்க விட்டாத்தானே? தெரிஞ்ச மனுசன் நடந்து போகையில வண்டியில தாண்டிப் போறது மரியாதைக் குறைவாம். மாட்டு வண்டி நிக்குது, சைக்கிள் நிக்குது. சும்மாதான் நடக்குறேன்னா ஒருத்தரும் நம்பலை. வீட்ல சண்டையான்னு கேட்டார் ஒருத்தர். வைக்கோல் வண்டிக்காரர் என் சோத்துத் தூக்கைப் பிடுங்கி வண்டியில வச்சுட்டு, ஏறுங்க சார்னு நின்னார். தூக்கு போன பெறகு நான் எங்கே நடக்குறது? ஏறினேன். மொத வாரம் முழுக்க நான் நடந்தது அரை மைல் இருந்தா அதிகம்.

வியாதின்னு சொல்ல வாய் வரலை. நோக்காட்டுக்காரன்னு பேர் வாங்க யாருக்கு ஆசை? வேண்டுதல், நடந்துதான் போகணும்னு ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அதோட ஒரு வண்டியும் நிக்கலை. அப்பாடான்னு இருந்துச்சு. மறுநாளே அந்த வண்டிக்காரர் என் காலைப் பாத்துட்டு, வேண்டுதல்காரருக்குச் செருப்பு ஏதுன்னு கேட்டார். நியாயமான கேள்விதானே? கழட்டிப் பையில போட்டேன். அன்னையிலேருந்து வெறுங்கால்.

நாலாம் நாள் கருவேல முள் ஏறுச்சு. பிடுங்கிப் போட்டுட்டு, வேட்டியை எறக்கிக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒன் தங்கச்சி கண்ணுக்கு எதை மறைக்க முடியும்? சோறு போட வந்தவ, என் குதிகாலைப் பாத்துட்டுக் கரண்டியைக் கீழே வச்சுட்டா. சீழ் வச்சிருந்துச்சு. எல்லாக் கதையையும் ஒப்பிச்சேன். அவ கத்தலை. காலைத் தூக்கி மடியில வச்சுக் கழுவிக்கிட்டே சொன்னா:

"எங்க அண்ணனும் இப்படித்தான் மறைச்சுச்சு. வாடை அடிச்ச பெறகுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. நீங்களுமா?"

ஒன் மேலதான் கோவம் வந்துச்சு மச்சான். பக்கத்து மேசையில உக்காந்துக்கிட்டு, ரெண்டு மாசம் காலை நீட்டி வச்சுக்கிட்டு, சுளுக்கு சுளுக்குன்னே சொல்லிக்கிட்டிருந்தே. நானும் நம்பினேன். என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஏன் சொல்லலைன்னு இப்ப எனக்குத் தெரியுது. அதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

மறுநாளே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டா. வாங்கின திட்டை எழுத இந்தக் காகிதம் பத்தாது. புண்ணு ஆறிக்கிட்டு வருது.

ஆறினதும் செருப்பை மாட்டிக்கிட்டு நடப்பேன். எந்த வண்டி நின்னாலும், எனக்குச் சர்க்கரைன்னு வாய்விட்டுச் சொல்லுவேன். யாரு என்ன நெனச்சா எனக்கென்ன? அந்த வாடையை அவ ஒரு தடவை மோந்தது போதும்.

இப்படிக்கு,
ஒன் தங்கச்சி கையால திட்டும் சோறும் வாங்குற
ஒன் மாப்பிள்ளை.