முன்கூட்டியே சொன்ன நன்றி

என் செல்ல வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதக் கை தானாகப் போகிறது, இன்று அதை எழுதினால் பொய்யாகிவிடும். பதறாமல் படி. காலை எட்டு மணிக்கு உன் அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கழுத்தில் ஒரு கட்டி, தெரிய வந்து இரண்டு மாதம் ஆகிறது. உன்னிடம் மூச்சுவிடக் கூடாது, புது வேலையில் சேர்ந்த பிள்ளை லீவு கேட்டுக்கொண்டு நிற்கும் என்று ஒரே பிடியாக இருந்துவிட்டாள். போனில் பேசினால் என் குரலே காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் உன்னிடம் வேலை வேலை என்று சாக்குச் சொல்லி வந்தேன். திட்டுவதானால் என்னைத் திட்டு, அவளை விட்டுவிடு. ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, என் லிப்ட் வேலையின் சர்வீஸ் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இந்த ஆஸ்பத்திரி லிப்ட் மூன்றாம் மாடியில் நிற்கும்போது ஒரு குலுக்குக் குலுக்குகிறது, எவன் பார்த்த வேலையோ தெரியவில்லை. அதையாவது சரிபண்ணக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கும், சும்மா உட்காருவதுதான் முடியவில்லை.

கட்டி குரல் நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறதாம். நரம்பைக் காப்பாற்றப் பார்ப்போம், முடியாவிட்டால் நரம்போடு சேர்த்துத்தான் எடுக்கவேண்டும், விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கே சொல்கிறவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும், நீயே யோசி. அவள் எந்தக் கிழமை வரணும் டாக்டர் என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்குப் பயமே கிடையாதா என்று கத்திவிட்டேன். பயமாத்தான் இருக்கு, அதான் பாடுறேன், பாடலைன்னா பயம் மட்டுந்தானே மிச்சம் இருக்கும் என்றாள். நான் வெளியே போய் நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. நம் சபை வாசலில் விண்ணப்பப் பெட்டி ஒன்று, நன்றிப் பெட்டி ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். கடைசி பெஞ்சுக்காரனான நான் இத்தனை வருஷத்தில் இரண்டிலும் ஒரு சீட்டுப் போட்டதில்லை. அன்றைக்கு யாரும் வருமுன் போய், கண்ணாடிகூடப் போடாமல், திருடன் மாதிரி ஒரு சீட்டைப் போட்டுவிட்டு வந்தேன். அதில் எழுதியது இவ்வளவுதான்: என் மனைவியின் கழுத்துக் கட்டி, ஆண்டவரே. பழக்கதோஷத்தில் ரிப்போர்ட்டில் போடுகிற மாதிரி கீழே லிப்ட் மெக்கானிக் என்று கையெழுத்து வேறு. போட்டதோ நன்றிப் பெட்டியில், சபையில் லிப்ட் மெக்கானிக் நான் ஒருவன்தான். போதகர் பாவம், என்ன செய்வார்? நம் லிப்ட் மெக்கானிக் வீட்டு அக்காவுக்குக் கழுத்துக் கட்டி நீங்கியதற்காக நன்றி என்று வாசித்துவிட்டார். சபை முழுக்க அல்லேலூயா. நன்றிச் சீட்டு வாசிக்கப்பட்டவர்கள் முன்னால் போய் இரண்டு வார்த்தை பேசவேண்டும் அல்லவா. யாரிடமும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் எழுந்து போனாள்.

மைக்கை வாங்கி, பஸ் நிலையத்தில் பேசுகிற அதே நிதானத்தோடு பேசினாள். கட்டி இன்னும் இருக்கு, வியாழக்கிழமை ஆபரேஷன், எங்க வீட்டுக்காரர் பெட்டி மாத்திப் போட்டுட்டார் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனா அவர் போட்டது நல்லதுதான், ஆபரேஷனுக்கப்புறம் எனக்குக் குரல் இருக்குமான்னு தெரியாது, அதனால நன்றியை இப்பவே சொல்லிடறேன், குரல் இருந்தாலும் இல்லாட்டியும் இது செல்லும் என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அது நடிப்பு இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரியும்.

மூன்று மணி நேரம் என்றார்கள், ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள். நர்ஸ் பெண் ரெண்டு தடவை உட்காருங்க ஐயா என்று சொல்லிவிட்டது. வாலு, எனக்குப் பயமாக இருக்கிறது, இதை வேறு யாரிடம் சொல்வேன்.

இப்போது சாயங்காலம், விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். டாக்டர் வந்தார். கட்டி முழுதும் போய்விட்டது, உயிருக்குப் பயமில்லை. ஒரு பக்கத்து நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. போகப்போகக் கரகரவென்று கொஞ்சம் குரல் வரலாம், மைக் பிடிக்கிற குரல் வராது என்றார். விழித்ததும் அவளிடம் நான்தான் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள், ஓரத்தில் நீர் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் காட்டினாள். முதலில் புரியவில்லை, அப்புறம்தான் புரிந்தது. நம் வீட்டில் சாயங்கால ஜெபத்தை என்றைக்கும் அவள்தான் சத்தமாகச் சொல்வாள், நான் முடிவில் ஆமென் போடுகிறவன். எனக்கு வராதுடி என்றேன். கூப்பிய கையை இறக்கவே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்க, திக்கித் திணறி, ஏதோ எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். உன் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சேர்த்துக்கொண்டேன். முடித்ததும் அவள் உதடு ஆமென் என்று அசைந்தது.

உங்கள் இருவரையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அம்மாவிடம் எதுவும் கேட்காதே, நீயே பேசிக்கொண்டிரு, அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
இனி வீட்டில் சத்தமாக ஜெபம் சொல்லப் பழகவேண்டிய
உன் அப்பா